பழைய மாசி 35, 1035 டிராக்டரில் ஃபேன் பெல்ட் அட்ஜஸ்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பெர்குசன் 35 டிராக்டரும், அதன் வழியில் சென்னை டாஃபே நிறுவனம் தயாரித்த 1035 டிராக்டரும் இன்றும் நம் ஊர் வயல்களில் ஓடுகின்றன. மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின், முன்னால் ஒரே ஒரு பெல்ட், பக்கத்தில் ஒரு டைனமோ. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரே பெல்ட் மூன்று புல்லிகளைச் சுற்றி ஓடும் மற்ற பழைய டிராக்டர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஃபேன் பெல்ட் ஃபேனைத்தானே சுத்துது? கொஞ்சம் லூஸா இருந்தா என்ன ஆகிடும்?

பெயர்தான் ஃபேன் பெல்ட். கீழே இஞ்சின் தண்டில் உள்ள கிராங்க் புல்லி இழுக்க, மேலே வாட்டர் பம்ப் புல்லி, பக்கத்தில் டைனமோ புல்லி என்று இரண்டையும் அதுவே ஓட்டுகிறது. ஃபேன் தனியாக இல்லை, வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. ஆகவே பெல்ட் வழுக்கினால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும், பேட்டரி சார்ஜும் குறையும்.

டிரெய்லரை வெறுமனே இழுத்துப் போகும்போது இது தெரியாது. ரொட்டவேட்டர் போட்டு மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டும்போதுதான் டெம்பரேச்சர் முள் ஏறும்.

2. லூஸா இருக்குன்னு வண்டியை வெச்சே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆக்சிலரேட்டரைத் திடீரென்று கூட்டினால் "கீச்" என்று கத்தும். புல்லிகளைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் தூள் படிந்திருக்கும். லைட்டைப் போட்டதும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் போய், இஞ்சின் வேகத்தைக் கூட்டினாலும் திரும்பி வராது. பெல்ட்டின் பக்கவாட்டு ஓரங்கள் கண்ணாடி போலப் பளபளக்கும்.

இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு சின்னச் சோதனை செய்யலாம். டைனமோ புல்லியின் பின்னால் இருக்கும் சின்ன விசிறியைக் கட்டைவிரலால் தள்ளிச் சுற்றப் பாருங்கள். பெல்ட் அசையாமல் நிற்க, புல்லி மட்டும் சுலபமாக வழுக்கிச் சுற்றினால் லூஸ். கத்தும் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சேற்றுழவு முடித்த மறுநாள் காலையில் ஈரத்தால் சில நொடி கத்தி அடங்கினால் அது கோளாறு இல்லை.

3. சரியா எவ்வளவு டைட் இருக்கணும்?

இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் மிக நீளமாக ஓடும் பக்கத்தைப் பாருங்கள். அதன் நட்டநடுவில் கட்டைவிரலால் நிதானமாக, 4 அல்லது 5 கிலோ எடை வைத்த அளவுக்கு அழுத்துங்கள். அந்தப் பக்கத்தின் நீளம் ஓர் அடி அளவில் இருந்தால் 10 முதல் 12 மி.மீ. வரை உள்ளே போக வேண்டும். நம் கணக்கில் அரை இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு.

கண்மதிப்பில் இதை அளந்தால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும். ஒரு நேரான ஸ்கேலையோ கம்பியையோ இரண்டு புல்லிகளின் மேலும் படும்படி பெல்ட்டின் முதுகில் வையுங்கள். நடுவில் பெல்ட்டை அழுத்தி, கம்பிக்கும் பெல்ட்டுக்கும் இடையில் விழும் இடைவெளியை இன்னொரு ஸ்கேலால் அளந்தால் சந்தேகமே இல்லை. 4 கிலோ அழுத்தம் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியாதவர்கள், தராசின் மேல் ஒருமுறை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

4. ஒரு மெக்கானிக் அரை இஞ்ச்ங்கிறார், இன்னொருத்தர் முக்கால் இஞ்ச்ங்கிறார். யார் சொல்றது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். மூன்று விஷயங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்று, எந்தப் பக்கத்தில் அளந்தார்கள் என்பது. நீளமான பக்கத்தில் அதிகம் அமுங்கும், குட்டையான பக்கத்தில் குறைவாக அமுங்கும். இரண்டாவது, எவ்வளவு பலம் கொடுத்தார்கள் என்பது. மூன்றாவதுதான் பெரிய குழப்பம்: சிலர் உள்ளே அழுத்தியதை மட்டும் சொல்வார்கள், சிலர் உள்ளேயும் வெளியேயும் ஆட்டி மொத்த ஆட்டத்தைச் சொல்வார்கள். உள்ளே அரை இஞ்ச், வெளியே அரை இஞ்ச் என்றால் மொத்தம் ஒரு இஞ்ச் ஆகிவிடும்.

உங்கள் வண்டியின் கையேடு இருந்தால் அதில் உள்ள எண்ணை எடுங்கள். எந்த இடத்தில் அளக்கச் சொல்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கையேடு இல்லாதவர்களுக்கு மேலே 3-இல் சொன்ன அளவு போதும்.

5. என்னென்ன ஸ்பேனர் வேணும்? என்கிட்ட மி.மீ. செட்தான் இருக்கு.

பழைய மாசியில் பெரும்பாலும் இஞ்ச் கணக்கு போல்ட்தான். டைனமோ பக்கத்தில் 1/2 இஞ்ச், 9/16 இஞ்ச் ஸ்பேனர்கள் கையில் இருந்தால் அநேகமாக வேலை முடியும். வண்டி பல கை மாறியிருந்தால் அவரவர் கிடைத்த போல்ட்டைப் போட்டிருப்பார்கள். அதனால் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1/2 இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் கொஞ்சம் ஆட்டத்தோடு பொருந்தும், அவசரத்துக்கு ஆகும். 9/16 என்பது 14.3 மி.மீ. அதில் 14 ஏறாது, 15 போட்டால் மூலை மழுங்கிவிடும். மழுங்கிய போல்ட்டை டைனமோவுக்கு அடியில் கையை விட்டுக் கழற்றும் பாட்டை நினைத்தால் இரண்டு இஞ்ச் ரிங் ஸ்பேனர் வாங்குவது மலிவு.

6. வரிசையா எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க.

இஞ்சினை நிறுத்தி, ஸ்டாப் நாபை இழுத்த நிலையிலேயே விடுங்கள். பழைய டீசல் இஞ்சின் கையால் சுற்றினாலும் பற்றிக்கொள்ளக் கூடும். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள், ஏனென்றால் டைனமோ டெர்மினலில் ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். பெல்ட் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். வேட்டி, துண்டு தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைனமோ மூன்று இடத்தில் பிடித்திருக்கும். கீழே முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட், மேலே நீளத் துளை போட்ட வளைந்த பட்டையில் ஒரு போல்ட். கீழ் இரண்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு பட்டையில் உள்ள போல்ட்டைத் தளர்த்துங்கள். அந்தப் பட்டையின் மறு நுனி இஞ்சினில் மாட்டியிருக்கும் போல்ட்டையும் கால் சுற்று விட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, டைனமோ நகரவில்லை என்று கடப்பாரை எடுப்பார்கள்.

டைனமோ கையால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும் என்ற அளவுக்கு இறுக்கம் இருப்பதுதான் வசதி. அதை இஞ்சினை விட்டு வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தபடி பட்டை போல்ட்டை முதலில் இறுக்குங்கள். அடுத்து முன்பக்கக் கீழ் போல்ட், பிறகு பின்பக்கக் கீழ் போல்ட், கடைசியில் பட்டையின் மறு நுனி. இப்போது 3-இல் சொன்னபடி அளந்து பாருங்கள். கீழ் போல்ட்டை இறுக்கும்போது டைனமோ கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால் முதல் முறையிலேயே அளவு அமையாமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம். பேட்டரியை மாட்டி, ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஒருமுறை அளந்துவிட்டு பானட்டை மூடுங்கள்.

7. கையால இழுத்தா போதுமான டைட் வரலை. லிவர் போட்டு நெம்பலாமா?

நெம்பலாம், எங்கே வைத்து நெம்புகிறோம் என்பதுதான் விஷயம். டைனமோவின் நடு உடம்பில் லிவரை முட்டுக் கொடுத்தால் தகடு அமுங்கி உள்ளே இருக்கும் ஃபீல்ட் காயில் இடத்தை விட்டு நகரும். பின்பக்க மூடியில் வைத்தால் அலுமினியம் விரிசல் விடும், பிரஷ் பிடியும் உடையும். புல்லிக்குப் பின்னாலுள்ள முன்பக்க மூடியில் மட்டும், அதன் தடித்த இடத்தில், வையுங்கள். லிவரின் மறுபக்கம் இஞ்சின் பிளாக்கில் முட்டட்டும், வாட்டர் பம்ப் உடம்பிலோ டீசல் பைப்பிலோ படக் கூடாது.

கடப்பாரை வேண்டாம். ஒரு அடி நீளமுள்ள மரத்துண்டு அல்லது டயர் லிவர் போதும். ஒற்றைக் கையால் மெதுவாகத் தள்ளினாலே 3-இல் சொன்ன அளவு வந்துவிடும். அதற்கு மேல் பலம் கேட்கிறதென்றால் ஏதோ ஒரு போல்ட் இன்னும் தளரவில்லை, அல்லது பெல்ட் தவறான அளவு.

8. நல்லா டைட்டா வெச்சுட்டா அடிக்கடி பார்க்க வேண்டாமே?

லூஸ் பெல்ட்டை விட அதிகச் செலவு வைப்பது டைட் பெல்ட்தான். பெல்ட் இழுக்கும் பலம் முழுவதையும் தாங்குவது வாட்டர் பம்ப் பேரிங்கும் டைனமோவின் முன் பேரிங்கும். அவை இரவு பகலாக ஒரு பக்கமாக இழுபட்டு ஆட்டம் கண்டுவிடும். பம்ப் தண்டு ஆடினால் சீல் தேயும். பம்ப் உடம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும். அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்களும் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், அவ்வளவுதான்.

பெல்ட்டுக்கும் நல்லதில்லை. உள்ளே இருக்கும் நூல் இழைகள் நீண்டு, சீக்கிரமே மறுபடி தளரும். "வீணைத் தந்தி மாதிரி வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர் வண்டியில் வருடத்துக்கொரு வாட்டர் பம்ப் மாறிக்கொண்டிருக்கும். வழுக்காத அளவுக்கு இருந்தால் போதும்.

9. புது பெல்ட் போட்டு சரியா வெச்சேன். மறுநாளே லூஸ். பெல்ட் போலியா?

போலி என்று உடனே சொல்ல வேண்டாம். புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும், அதன் ஓரங்களும் புல்லிப் பள்ளத்தில் தேய்ந்து உட்காரும். அதனால் புதிதாகப் போட்டதும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒருமுறை, 10 மணி நேர வேலைக்குப் பிறகு இன்னொருமுறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அதன்பின் நிற்கும்.

அதற்குப் பிறகும் வாரா வாரம் தளர்ந்தால் பெல்ட்டை விட்டுவிட்டு போல்ட்டைப் பாருங்கள். ஸ்பிரிங் வாஷர் இல்லாமலோ பட்டையின் துளை அகன்றோ இருந்தால் டைனமோவே மெல்ல நகர்ந்து வரும். பட்டையில் டைனமோ நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்தால் போல்ட், நகராமல் தளர்ந்தால் பெல்ட்.

10. கடையில "என்ன சைஸ்?"னு கேக்கறாங்க. பழைய பெல்ட்டுல நம்பர் அழிஞ்சு போச்சு.

வண்டி மாடலைச் சொல்லி வாங்குவது முதல் வழி. ஆனால் புல்லியோ டைனமோவோ எப்போதோ மாற்றப்பட்டிருந்தால் அது பொருந்தாது. அப்போது இரண்டு அளவு வேண்டும்: அகலம், நீளம்.

அகலத்தைப் பழைய பெல்ட்டின் முதுகில் அளக்கலாம், ஆனால் தேய்ந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து. பொதுவான வி-பெல்ட்டில் ஏ செக்‌ஷன் 13 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன். பி செக்‌ஷன் 17 மி.மீ. அகலம், 11 மி.மீ. தடிமன். "ஏ-38" என்றால் உள்சுற்றளவு 38 இஞ்ச் என்று பொருள். வண்டிக்கென்றே வரும் பெல்ட்களில் வெளிச்சுற்றளவை மி.மீ.-இல் போடுவார்கள். இந்த இரண்டையும் கலந்து வாங்கினால் இரண்டு இஞ்ச் வரை பிசகும்.

நீளத்துக்குப் பழைய பெல்ட்டை நம்ப வேண்டாம், அது நீண்டிருக்கும். டைனமோவை இஞ்சின் பக்கம் முழுவதும் தள்ளி, அங்கிருந்து ஒரு விரற்கடை வெளியே இழுத்து நிறுத்துங்கள். நீளாத சணல் கயிற்றை மூன்று புல்லிகளையும் சுற்றி, பெல்ட்டின் முதுகு ஓடும் உயரத்தில் பிடித்து அளந்தால் வெளிச்சுற்றளவு கிடைக்கும். இப்படி எடுத்தால் அட்ஜஸ்ட் செய்யப் பட்டையில் முக்கால் பங்கு இடம் மிச்சம் இருக்கும்.

11. பட்டைல கடைசி வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் லூஸ். பட்டையை வெட்டி நீளம் பண்ணலாமா?

வேண்டாம். பட்டை முடிந்துவிட்டது என்றால் பெல்ட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. 10-இல் சொன்னபடி அளந்து புதியது போடுங்கள். புதியது போட்டும் கடைசியில்தான் நிற்கிறது என்றால் நீளமான பெல்ட்டைக் கொடுத்துவிட்டார்கள், அல்லது புல்லிப் பள்ளம் தேய்ந்து பெல்ட் ஆழமாக உட்காருகிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

12. அளவு சரியா இருக்கு, ஆனாலும் கத்துது. இன்னும் கொஞ்சம் டைட் வைக்கவா?

வைக்காதீர்கள். வி-பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கச் சுவரில், அடியில் இல்லை. பெல்ட்டின் அடிப்பக்கம் புல்லிப் பள்ளத்தின் அடியில் தொட்டுவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும். பள்ளத்தின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். துருவும் தூசியுமாக இருந்தால் நல்லது. பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எது தேய்ந்தது என்று அறிய, புது பெல்ட் ஒன்றைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். அதன் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு நூல் மேலேயோ இருக்க வேண்டும். புது பெல்ட்டே உள்ளே அமிழ்ந்தால் புல்லி தேய்ந்துவிட்டது. பள்ளத்தின் பக்கச் சுவரில் சின்ன ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை வைத்தால் நடுவில் குழிந்திருப்பது வெளிச்சத்தில் தெரியும். 0.8 மி.மீ.-க்கு மேல் குழிந்திருந்தால் புல்லியை மாற்றுங்கள். பழைய மாசிகளில் முதலில் தேய்வது பெரும்பாலும் டைனமோ புல்லிதான், சின்னது என்பதால்.

புல்லியும் பெல்ட்டும் நன்றாக இருந்தும் கத்தினால், மூன்றில் ஏதோ ஒன்று சுற்ற மறுக்கிறது. 17-ஐப் பாருங்கள்.

13. சோப்பு தேய்ச்சா, குங்கிலியம் போட்டா சத்தம் நிக்குமாமே?

சோப்பு தேய்த்தால் சத்தம் நிற்கும், வழுக்கல் கூடும். குங்கிலியம் ரைஸ்மில்லில் ஓடும் பட்டை பெல்ட்டுக்கான வைத்தியம். வி-பெல்ட்டில் போட்டால் தூசியைப் பிடித்து உப்புத்தாள் போலாகி, ஓரத்தையும் புல்லியையும் சேர்த்து அரைக்கும். ஸ்பிரேயில் வரும் பெல்ட் டிரஸ்ஸிங்கும் சில மணி நேரத்துக்குத்தான். சத்தம் கோளாறைச் சொல்கிறது, அதன் வாயை அடைப்பதில் லாபமில்லை.

14. பெல்ட்டுல ஆயில் பட்டுடுச்சு. டீசல்ல கழுவிடலாமா?

டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றுமே ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பெல்ட்டையும் மூன்று புல்லிப் பள்ளங்களையும் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். விரலால் அமுக்கினால் சில இடம் மெத்தென்று இருந்தால் அது ஊறிப்போன பெல்ட், தூக்கிப் போடுங்கள்.

ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புதியது போட்டால் அதுவும் நனையும். கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் முன் ஆயில் சீல் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். டைனமோவுக்கு ஆயில் விடும் துளை இருந்தால், அதில் தாராளமாக ஊற்றியதாலும் இப்படி ஆகும். இரண்டு சொட்டுக்கு மேல் அது கேட்காது.

15. ஃபேனைக் கழட்டாம பெல்ட்டை மாத்த முடியுமா?

முடியும். 6-இல் சொன்னபடி தளர்த்தி, டைனமோவை இஞ்சின் பக்கம் முழுவதும் தள்ளுங்கள். முதலில் டைனமோ புல்லியிலிருந்தும், பிறகு கிராங்க், வாட்டர் பம்ப் புல்லிகளிலிருந்தும் பெல்ட்டை எடுங்கள். ஃபேன் இலைக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரல் போகும் இடமிருக்கும். ஒவ்வோர் இலையாக அந்த இடுக்கில் பெல்ட்டைக் கடத்தி வெளியே எடுக்கலாம். இலையின் ஓரம் கத்தி போல இருக்கும், ரேடியேட்டர் தகடும் மெல்லியது. ஓர் அட்டையை ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சொருகிவிட்டு வேலை செய்யுங்கள்.

புதிய பெல்ட் ஏறவில்லை என்று ஸ்க்ரூடிரைவரால் புல்லி விளிம்பில் நெம்பி ஏற்றாதீர்கள், இஞ்சினைச் சுற்றியும் ஏற்றாதீர்கள். உள்ளே நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. பத்து நாளில் பெல்ட் புரண்டு கிழியும்போது கடைக்காரரைத் திட்டுவோம்.

16. பெல்ட் ஒரு பக்கம் மட்டும் நார் நாரா பிரியுது. சில நேரம் புரண்டும் ஓடுது.

மூன்று புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. கிராங்க் புல்லியின் முகத்தில் நேரான பட்டைக் கம்பியை வைத்து மற்ற புல்லிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். விளிம்புத் தடிமன் வேறுபட்டால், விளிம்பை விட்டுவிட்டுப் பள்ளத்தின் நடுவை அளவெடுக்க வேண்டும். ஓர் அடி தூரத்தில் 2 மி.மீ.-க்கு மேல் விலகியிருக்கக் கூடாது. அநேகமாகக் குற்றவாளி டைனமோதான். வேறு வண்டி டைனமோவைப் போட்டிருப்பார்கள், அல்லது கீழ் பிராக்கெட்டுக்கும் டைனமோ காதுக்கும் இடையில் இருந்த வாஷர் காணாமல் போயிருக்கும். தேவையான தடிமனில் வாஷர் போட்டுச் சரி செய்யலாம். வாஷரைக் காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே சரியாக உட்கார வையுங்கள், இடைவெளி விட்டு போல்ட்டை இறுக்கினால் காது முறியும்.

கோடு சரியாக இருந்தும் புரண்டால் புல்லி கோணியிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி, டைனமோ புல்லியைக் கையால் சுற்றி, விளிம்பு ஆடுகிறதா என்று ஓர் ஆணியை அசையாமல் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் துண்டு பள்ளத்தில் சிக்கியும் பெல்ட் புரளும். ஒருமுறை புரண்ட பெல்ட்டைத் திருப்பிப் போட்டு ஓட்ட வேண்டாம்.

17. பெல்ட்டைக் கழட்டியிருக்கிற நேரத்துல வேற என்ன பார்க்கலாம்?

இந்த வாய்ப்பை விடாதீர்கள், பெல்ட் மாட்டியிருக்கும்போது இவை தெரியாது. ஃபேன் இலையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால் வாட்டர் பம்ப் பேரிங் போய்விட்டது. மெதுவாகச் சுற்றினால் மணல் அரைபடுவது போல் உணர்ந்தாலும் அப்படியே. ஃபேன் நுனி ரேடியேட்டரில் இடிக்கும் வரை காத்திருந்தால் ரேடியேட்டருக்கும் சேர்த்துச் செலவு.

டைனமோ புல்லியைச் சுண்டிவிடுங்கள். சத்தமில்லாமல் சில சுற்று சுற்றி நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் பேரிங்கையும் பின் புஷ்ஷையும் பாருங்கள்.

18. பெல்ட், பம்ப் எல்லாம் சரி. அப்படியும் ஹீட் ஆகுது.

அப்படியென்றால் பெல்ட்டை விட்டுவிடுங்கள். நம் ஊரில் முதல் காரணம், ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே அடைத்திருக்கும் உமி, வைக்கோல் தூசி. இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைப் பீச்சி அலச வேண்டும். இரண்டாவது, உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து குழாய்கள் சுருங்கிவிடும். மழைத் தண்ணீரோ கூலண்ட்டோ ஊற்றுங்கள். அடுத்தது, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட், உள்ளே உப்பி அடைத்துக்கொண்ட ஹோஸ்.

சமீபத்தில் ஃபேனைக் கழற்றி மாட்டியிருந்தால் முன்பின் மாற்றி மாட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது முன் கிரில்லில் ஒரு காகிதத்தை வைத்தால் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

19. ஐடிலிங்ல சார்ஜ் லைட் எரியுது. பெல்ட் லூஸ்னு சொல்லி டைட் வெச்சுட்டேன். இன்னும் எரியுது.

டைனமோ அப்படித்தான். மெதுவாகச் சுற்றும்போது அதால் பேட்டரியை விட அதிக வோல்ட் தர முடியாது, கட்-அவுட் (பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பிப் போகாமல் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்துகொள்ளும், லைட் எரியும், அல்லது முள் மைனஸில் நிற்கும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டியதும் அணைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இதற்காக இறுக்கிய பெல்ட்டைப் பழைய அளவுக்குத் தளர்த்துங்கள், காரணம் 8-இல் இருக்கிறது. வேகம் கூட்டியும் அணையவில்லை, பெல்ட்டும் வழுக்கவில்லை என்றால் பிரஷ், கம்யூட்டேட்டர், ரெகுலேட்டர் என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய வேலை.

20. உழவு நடுவுல பெல்ட் அறுந்துடுச்சு. கயிறு கட்டி வீட்டுக்கு ஓட்டிட்டு வரலாமா?

நைலான் கயிறு முடிச்சோடு இஞ்சின் வேகத்தில் புல்லியில் நிற்காது, பிய்ந்து ஃபேனில் சுற்றும். பெல்ட் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் நகராது. சிலிண்டர் தலையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் அங்கேயே கொதிக்கும், மீட்டர் முள் சில நேரம் அதைக் காட்டவும் காட்டாது. வரப்பை விட்டு ரோட்டோரம் ஏற்றும் அளவுக்கு, லோடு இல்லாமல், இரண்டு மூன்று நிமிடம் நகர்த்தலாம். அதற்கு மேல் இழுத்துத்தான் வர வேண்டும். சூடான இஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஸ்பேர் பெல்ட் ஒன்றை டூல் பாக்ஸில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. கவரில் போட்டு, மடித்து நசுக்காமல், டீசல் துணியோடு சேர்க்காமல் வையுங்கள். மாட்டியிருக்கும் பெல்ட்டை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடிப்பக்கத்தை வெளியே வளைத்துப் பார்த்தால் குறுக்கு விரிசல் தெரியும்.

21. டைனமோவைத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன். அதே பெல்ட், அதே டைட். இப்ப கத்துது. ஏன்?

சுமை கூடிவிட்டது. அந்தக் காலத்து டைனமோ 10, 20 ஆம்பியர் தரும். நீங்கள் போட்டது 35 ஆம்பியர் என்றால், பேட்டரி இறங்கியிருக்கும் காலை நேரத்தில் அது ஒரு குதிரைத்திறன் அளவுக்கு இழுக்கும். அதே நேரம் ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, பெல்ட் அதைத் தொட்டுச் சுற்றும் பரப்பும் குறைவு. அதனால் 3-இல் சொன்ன அளவின் இறுக்கமான எல்லையில், 10 மி.மீ.-இல், வைக்க வேண்டும். அதற்கும் கத்தினால் புல்லிப் பள்ளத்தின் அகலத்தைப் பாருங்கள். கார் ஆல்டர்னேட்டர் புல்லி ஒல்லியான பெல்ட்டுக்கானது, டிராக்டர் பெல்ட் அதில் மேலே மிதந்துகொண்டிருக்கும். பழைய டைனமோவின் புல்லி தண்டுக்குப் பொருந்தினால் அதையே மாட்டலாம், அல்லது லேத்தில் கடைந்து போடலாம்.

வேகக் கணக்கும் உண்டு. கிராங்க் புல்லி 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 75 மி.மீ. என்றால் இஞ்சின் 700 சுற்றில் ஆல்டர்னேட்டர் 1400 சுற்று. பெரிய புல்லி போட்டால் இது குறைந்து ஐடிலிங்கில் சார்ஜ் ஏறாமல் போகும். நெம்பும்போது 7-இல் சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும், ஆல்டர்னேட்டர் உடம்பு முழுக்க அலுமினியம்.

இன்னொன்று: 1950, 60-களில் வந்த இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். இப்போது கிடைக்கும் ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்கானவை. பேட்டரி வயர் எது சேஸில் போகிறது என்று பார்க்காமல் மாட்டினால், இணைத்த நொடியிலேயே டயோடு புகைந்துவிடும். நெகட்டிவ் எர்த் ஆகும்படி பேட்டரியைத் திருப்பி மாட்டும்போது ஆம்பியர் மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் சார்ஜ் ஏறும்போது முள் மைனஸ் காட்டும்.